இனி உனக்கு ராத்திரி டப்பா கிடையாது

தூக்கம் கெட்ட என் மகனுக்கு,

மேல் தட்டில் புளியோதரைக்குப் பதிலாகக் காகிதம் மடித்து வைத்திருப்பதைப் பார்த்து நீ முழிப்பது எனக்கு இங்கே திலக் நகரில் இருந்தே தெரிகிறது. உன் டப்பாவில் பங்கு கேட்கிற ஆபீஸ் பையன்கள் ஸ்பூனோடு காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் அம்மாவுக்குக் கோபம் என்று சொல்லிவிடு. உண்மையும் அதுதான். கீழ்த் தட்டில் ஒரு கொய்யாப்பழமும் ஒரு கை வறுத்த கடலையும் இருக்கின்றன. பெற்ற மனசு, முழுக்கக் காலியாக அனுப்பக் கை வரவில்லை. இன்று உன்னை எங்களோடு உட்கார வைத்து வயிறு நிறையச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பப் போகிறேன், அதனால் பட்டினி என்று நாடகம் போடாதே. நாளை முதல் ராத்திரிக்கு இவ்வளவுதான். சோறு கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் மீடியத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு உன்னை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன், அதற்கு இப்போது அனுபவிக்கிறேன். மெதுவாகப் படி. நடுவில் கண் சொக்கினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இதை நான் எழுதும்போது நீ உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறாய். எழுந்து குளித்து, ஆபீசுக்குக் கிளம்பும்போது வண்டிச் சாவியைத் தேடப் போகிறாய். ஃப்ரிட்ஜ் மேலே பார்ப்பாய், செருப்பு ஸ்டாண்டில் பார்ப்பாய், அப்பாவின் சட்டைப் பையைத் துழாவுவாய். நானும் உன்னோடு குனிந்து சோபாவுக்கு அடியில் எல்லாம் தேடுவேன். கடைசியில் கம்பெனி காரைக் கூப்பிட்டுக்கொண்டு போவாய். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைசியில் சொல்கிறேன். அதற்காகக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

போன வாரம் ஒரு காலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பெரிய வேடிக்கை நடந்தது போல ஒரு கதை சொன்னாயே, அங்கிருந்துதான் இந்தக் கடிதம் தொடங்குகிறது. “ம்மா, அமர் மஹால் சிக்னல்ல நின்னேனா, அப்படியே ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டேன். பின்னாடி நின்ன டெம்போக்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, எறங்கி வந்து தோள்ல தட்டுதான். அரே ஹீரோ, கர் ஜாகே ஸோ நா, வீட்டுல போய்த் தூங்குங்கான்” என்று சொல்லிச் சிரித்தாய். நீ சிரித்தால் கூடவே சிரிப்பது எனக்குப் பழகிப்போனது, நானும் பாதி சிரித்துவிட்டேன். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “என்னலே சொல்லுத? வண்டியில உக்காந்துக்கிட்டே தூங்குனியா?” என்றார். “சிக்னல்தானப்பா, வண்டி நின்னுக்கிட்டுதான இருந்துச்சு” என்றாய். “அதுக்கு முன்னாடி ஓடிக்கிட்டு இருந்துச்சுல்லா?” என்று கேட்டார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய்.

நீ குளித்துவிட்டு வந்து படுத்துவிட்டாய். அந்த வண்டியின் பின்சீட்டில் கல்யாணத்துக்குப் பிறகு ரேவதி உட்காருவாள். அதை நினைத்தேன். அவள் இல்லாவிட்டாலும் நீ இருக்கிறாய், எனக்கு நீ ஒருவன்தான். சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்: நீ செத்துப்போய்விடுவாய் என்று பயந்தேன். அந்த வாரமே நீ இன்னொரு சேதியும் கொண்டுவந்தாய். டீம் லீடர் ஆக்குகிறார்கள், ஆனால் அமெரிக்கா நேரத்துக்கு நிரந்தரமாக ராத்திரி ஷிஃப்ட், வேண்டாம் என்றால் பகல் டீமில் இப்போதிருக்கிற அதே வேலை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பதில் ‘வேண்டாம்’ என்று இருக்க வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

உன் முதல் வாதம் எனக்கு மனப்பாடம். “பகல்ல எட்டு மணி நேரம் தூங்குதேன்லம்மா, அப்புறம் என்ன?” தாராவி வீட்டில் தண்ணீர் பிடித்தது உனக்குக் கொஞ்சமாவது ஞாபகம் இருக்கும். முனிசிபாலிட்டித் தண்ணீர் விடியும் முன்னால் கொஞ்ச நேரம்தான் வரும். அந்த நேரத்துக்குக் குழாயடியில் குடத்தோடு நின்றால் டிரம் மளமளவென்று நிறையும். அசந்துவிட்டால் போச்சு. அப்புறம் பகல் முழுக்கக் குழாயைத் திறந்து வைத்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். தூக்கமும் அப்படித்தான். கண்ணுக்குப் பின்னால், மூளைக்குள், மிகச் சின்ன இடத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது தன்னைத் திருத்திக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் தூக்கத்துக்கான சுரப்பைத் திறந்துவிடும், உடம்பின் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். ஆழ்ந்த தூக்கம் சுரக்கிற நேரம் அது. நீயோ அந்த நேரமெல்லாம் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறி உடம்பு சூடாகி ‘எழுந்திரு’ என்று சொல்கிற வேளையில் வந்து படுக்கிறாய். குழாயை எட்டு மணி நேரம் திறந்து வைக்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். டிரம் நிறையவில்லை. நிறைந்திருந்தால் சிக்னலில் தூங்குவாயா?

இரண்டாவது வாதம் காபி. ஷிஃப்ட் முடியும் முன் ஒரு காபி குடித்தால் வீடு வரைக்கும் தெளிவாக வந்துவிடலாம் என்பாய். உன் அம்மா வகுப்பில் வருஷா வருஷம் நடத்திய பாடம் இது, கேட்டுக்கொள். நம் உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. கரும்பலகையில் அதை எழுதினாலே பின் பெஞ்சுப் பெண்கள் சிரிப்பார்கள், ஏதோ கொசு மருந்துப் பேர் போல இருக்கிறதாம். சாப்பாட்டை மூச்சுக்காற்றோடு சேர்த்து எரித்துச் சக்தி தயாரிப்பது அதுதான். மூளைச் செல்கள் பகலெல்லாம் அந்தச் சக்தியைச் செலவழிக்கும்போது அடினோசின் என்று ஒரு மிச்சம் சேர்ந்துகொண்டே போகும், சமைத்த வீட்டில் சிங்க்கில் பாத்திரம் குவிவது போல. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கும்போதுதான் பாத்திரம் கழுவப்படுகிறது, மறுநாளைக்கு வேண்டிய சக்தியும் சேர்கிறது. காபி ஒரு பாத்திரத்தையும் கழுவாது. மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு சிங்க் காலி என்று சொல்லும், அவ்வளவுதான். அந்தத் துணியோடுதான் நீ ஹைவேயில் வண்டி ஓட்டுகிறாய். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தக் காபி உடம்பில் இருக்கிறது, அதனால் வருகிற அரைத் தூக்கமும் கால் தூக்கமாகிறது.

இதெல்லாம் தெரிந்தவள்தானே, பிறகு ஏன் டப்பா கட்டினாய் என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். மற்ற பையன்கள் அந்த நேரத்தில் வடா பாவும் நூடுல்ஸும் தின்கிறபோது என் பிள்ளை மட்டும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறான் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. புளியோதரைக்கு உருளைக்கிழங்குப் பொரியல், எலுமிச்சைச் சாதத்துக்கு அப்பளம், தயிர்ச் சாதத்துக்கு மாவடு என்று ஜோடி பார்த்துக் கட்டினேன். அது பாசம் என்றே நினைத்தேன், பாசம்தான், ஆனால் நேரம் கெட்ட பாசம். மூளையில் இருக்கிற கடிகாரம் ஒன்று மட்டும் இல்லை. ஈரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, சதைக்கு ஒன்று, ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாக நேரம் உண்டு. மூளை வெளிச்சத்தைப் பார்த்து மணி தெரிந்துகொள்ளும். ஈரல் சாப்பாட்டைப் பார்த்துத்தான் அதிகமாகத் தெரிந்துகொள்ளும். நடுச்சாமத்தில் ஒரு டப்பா சோறு உள்ளே போனால், விடிந்துவிட்டது போலிருக்கிறது என்று அது வேலையைத் தொடங்கும். மூளை திலக் நகரில் இருக்கிறது, ஈரல் அமெரிக்காவில் இருக்கிறது. செல்களும் அந்த நேரத்தில் சோற்றைச் சரியாக எரிக்கிற நிலையில் இல்லை. சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றும். ஆபீசில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வந்தபோது “மெஷின் கராப்ம்மா” என்றாய். நானும் அப்படியே நம்பினேன், ஏனென்றால் மெஷின் சரி என்றால் என் டப்பா தப்பு.

உன் கடைசி வாதம்தான் என் வாயை இத்தனை நாள் அடைத்தது. “அப்பா மட்டும் ராத்திரி வேல பாக்கலயா? இட்லி அவிச்சுதான என்னப் படிக்க வச்சாங்க?” ஆமாம். தாராவியில் ஊரெல்லாம் தூங்கும்போது உன் அப்பா ஸ்டவ்வைப் பற்றவைத்தவர்தான். ஆனால் அவர் தூங்காமல் விழித்திருந்து வேலை பார்க்கவில்லை, தூங்கி முடித்து எழுந்து வேலை பார்த்தார். சாயங்காலம் மாவு அரைத்து வைத்துவிட்டு, விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுவார். ஞாயிறும் அப்படித்தான், பொங்கலும் அப்படித்தான். மாதுங்காவில் உன் சித்தப்பா கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, “எனக்குத் தூக்கம் வருது, நான் போறேன்” என்று எழுந்துவிட்டார். சொந்த அண்ணன்! உன் அத்தை வாசல் வரைக்கும் வந்து, “ஒரு நாள் முழிச்சிருந்தா இட்லி வேகாதாண்ணே?” என்று மானத்தை வாங்கினாள். “இட்லி வெந்துரும்ளா. நாந்தான் வேகமாட்டேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தக் கோபத்தில் நான் அவரோடு பல நாள் பேசவில்லை. இப்போது புரிகிறது. அவர் கடிகாரம் முன்னால் தள்ளி வைத்த கடிகாரம், ஆனால் ஒருநாளும் அசைக்காத கடிகாரம். விடிந்ததும் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முகத்தில் வெயில் அடிக்கத் தெருத் தெருவாகப் போனார். அந்த வெயில்தான் அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது. அப்படி இருந்தவருக்கே இன்றைக்கு பிரஷர் மாத்திரை இல்லாமல் பொழுது விடிவதில்லை. அவரையும் அந்த வேலை சும்மா விட்டுவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உன் கடிகாரத்தைப் பார். திங்கள் முதல் வெள்ளி வரை அமெரிக்காக்காரன் நேரம். சனிக்கிழமை வந்ததும் கிரிக்கெட், ரேவதி, சினிமா என்று நம் ஊர் நேரம். வாரம் ஒருமுறை விமானம் ஏறாமலேயே கண்டம் தாண்டி வந்து, மறுபடி தாண்டிப் போகிறாய். உடம்பு எந்த ஊர் நேரத்தைத்தான் நம்பும்? நேற்று ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தப் பட்டுக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க கிங்ஸ் சர்க்கிளுக்கு நீயும் வருவதாகத்தானே பேச்சு. மூன்று தடவை எழுப்பினேன். “அஞ்சு நிமிஷம்மா” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், வாய் திறந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரியா இருந்தாய்? உன் கல்யாணப் புடவைக்கு நீ இல்லாமலே போனேன்.

இந்த வீடும் உன்னோடு சேர்ந்து தலைகீழாகிவிட்டது. நீ தூங்க வேண்டும் என்று அப்பா உன் ஜன்னல் கண்ணாடியெல்லாம் பழைய பேப்பரை ஒட்டினார். பகலில் நான் குக்கர் வைப்பதில்லை, விசிலுக்குப் பயந்து சோற்றைத் திறந்த பானையில் வடிக்கிறேன். காலிங் பெல்லைக் கழற்றிவிட்டோம், வந்தவர்கள் கதவைச் சுரண்டுகிறார்கள். உன் அப்பாவும் நானும் எங்கள் வீட்டிலேயே திருடர்கள் மாதிரி ஜாடையில் பேசிக்கொள்கிறோம். இதை நான் சலிப்பில் சொல்லவில்லை. உனக்காக எதையும் செய்வோம். ஆனால் நாளைக்கு இதையெல்லாம் ரேவதி செய்ய வேண்டும். காலை லோக்கலைப் பிடித்து ஆபீசுக்குப் போகிற பெண் அவள். அவள் செருப்பைப் போடும்போது நீ செருப்பைக் கழற்றுவாய். அப்பா சீக்கிரம் படுத்தாலும் எங்களுக்குச் சாயங்கால டீ என்று ஒரு வேளை இருந்தது. தினமும் அந்த டீயில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். உங்களுக்கு எந்த வேளை இருக்கும், யோசித்துப் பார்த்தாயா? லீடர் என்று கார்டில் அச்சடித்துக் கொடுப்பார்கள், அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த வாரம் நீ ராத்திரி போய்த்தான் ஆக வேண்டும், போய் வா. கிளம்பும் முன் எங்களோடு சாப்பிடு. ஆபீஸ் போன உடனே ஒரு காபி குடி, அதோடு சரி, விடிகிற நேரத்துக் காபியைத் தொடாதே. காலையில் கம்பெனி காரிலேயே வா, வரும்போது உன் அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள், வெளிச்சம் கண்ணில் ஏறாமல் நேராக வந்து படு. பேப்பர் ஒட்டிய ஜன்னல் அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும். பகல் ஷிஃப்ட் கிடைத்த அன்று அப்பாவே அதைக் கிழிப்பார், இப்போதே கை பரபரக்கிறது அவருக்கு. அதற்குப் பிறகு தினமும் எழுந்ததும் அவரோடு கீழே மைதானத்தைச் சுற்றி வெயிலில் நடக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். ராத்திரி போன் ஹாலில் கிடக்கும், நீ உள்ளே கிடப்பாய். முதலில் கொஞ்ச நாள் தூக்கம் வராமல் புரள்வாய், எரிச்சல் வரும், என் மேல் எரிந்து விழுவாய். விழு. உடம்பு ஒரே நாளில் நேரம் மாற்றிக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். அதுவரைக்கும் உன் வாய்ச்சண்டையைத் தாங்குகிற தெம்பு எனக்கு இருக்கிறது. பின் பெஞ்சுகளை எத்தனை வருஷம் சமாளித்தவள் நான்.

இனி சாவி. நேற்று ஃபால்ஸ் கொடுத்துவிட்டு ரேவதியும் நானும் கிங்ஸ் சர்க்கிளில் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள். தூங்குகிறான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மறைக்க முடியவில்லை, சிக்னல் கதையைச் சொல்லிவிட்டேன். நீ அவளிடம் சொல்லியிருப்பாய் என்றும் நினைத்தேன். அவள் தோசையை அப்படியே வைத்துவிட்டாள். “எங்கிட்ட சொல்லவே இல்லையே அத்தை. அன்னிக்குக் காலையில போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாங்களே” என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு, எனக்கும்தான். பக்கத்து டேபிளில் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு பையைத் திறந்து உன் வண்டிச் சாவியையும், அலமாரியில் நீ ஒளித்து வைத்திருந்த ஸ்பேர் சாவியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“இத ஏன் அத்தை எங்கிட்ட குடுக்கீங்க? நீங்களே வச்சிருங்களேன்” என்றாள்.

“எங்கிட்ட இருந்தா அவன் ரெண்டு தடவ ம்மான்னு கெஞ்சுனாப் போதும், குடுத்துருவேம்மா” என்றேன். டப்பாவின் கீழ்த் தட்டே சாட்சி.

அவள் இரண்டையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். “லீடரா வந்து நின்னாலும் குடுக்க மாட்டேன் அத்தை. நல்லாத் தூங்கி எந்திரிச்சு, மொகங் கழுவிட்டு, பகல்ல வந்து கேக்கச் சொல்லுங்க. அன்னிக்கு நானே பின்னாடி ஏறி உக்காருதேன்” என்றாள். பிறகு ஆறிப்போன தோசையை முழுக்கச் சாப்பிட்டாள்.

காட்கோபரில் அவள் வீடு உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பதிலைச் சொல்லிவிட்டு, ஒரு நல்ல தூக்கம் தூங்கி எழுந்து, வெயிலோடு போ. ராத்திரியில் போய்க் கதவைத் தட்டாதே. அவள் நேரத்தோடு தூங்குகிற பெண்.

உன் அம்மா